கோளா? கோப்பையா?

நள்ளிரவு. ஊர் உறங்குகிறது, அவன் மட்டும் உறங்கவில்லை. நெஞ்சு படபடக்கிறது; உள்ளங்கை வியர்க்கிறது; விரல்கள் நடுங்குகின்றன. கதவு தாழிடப்பட்டிருக்கிறது. கள்வன் வரவில்லை; கொடுவிலங்கு எதுவும் துரத்தவில்லை. எனினும், ஏதோ நேரப்போகிறது, இப்போதே நேரப்போகிறது என்று உள்ளம் ஓலமிடுகிறது.

பொழுது விடிந்ததும் ஆளுக்கொரு தீர்ப்பு! சோதிடர் கட்டத்தைப் பார்க்கிறார். கோளின் கோபம் என்கிறார். பூசாரி உடுக்கையை எடுக்கிறார். காற்று கருப்பு அண்டிவிட்டது என்கிறார். உற்றாரோ உதட்டைப் பிதுக்கி, கோழை என்கிறார்கள். தீர்ப்புகள் மூன்று வந்தன. கேள்வி ஒன்றேனும் வந்ததா? நேற்று எத்தனை கோப்பை காப்பி குடித்தாய் என்று எவரேனும் கேட்டாரா?

கேட்கவில்லை. அவர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. காப்பியைப் பற்றி உலகம் நூற்றாண்டுக் கணக்கில் தீர்ப்புகளையே வழங்கி வந்தது. கேள்வி கேட்கக் கற்றது நெடுநாள் கழித்துத்தான். மன்னர்கள் தடுத்தார்கள், வணிகர்கள் புகழ்ந்தார்கள், வேறு வணிகர்கள் இகழ்ந்தார்கள், மதவாதிகள் மறுத்தார்கள். அளந்து பார்த்தவர்கள் கடைசியாகத்தான் வந்தார்கள். அந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது, அஞ்சி நடுங்கும் நம் உடன்பிறப்புகள் பலருக்கு உதவும் என்பதால் இதனை எழுதுகிறோம்.

ஆணை பிறந்தது, ஆராய்ச்சி பிறக்கவில்லை

1511-ஆம் ஆண்டு. மெக்கா நகரில் அதிகாரம் செலுத்திய கைர் பெக், மக்கள் இரவில் கூடிக் காப்பி அருந்துவதைக் கண்டான். கூடினால் பேசுவார்கள், பேசினால் சிந்திப்பார்கள், சிந்தித்தால் ஆட்சியைக் குறைகூறுவார்கள்! சமய அறிஞர்களைக் கூட்டினான், மருத்துவர்களையும் அழைத்தான். காப்பி தீங்கானது என்று சான்று கூறச் செய்தான். கொட்டைகளைத் தெருவிலே கொளுத்தினான். ஆனால் கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்த முழுத் தடைக்கு இசையவில்லை. தடை தளர்ந்தது, காப்பி நிலைத்தது.

1675-ஆம் ஆண்டு டிசம்பர் 29. இங்கிலாந்தின் மன்னன் இரண்டாம் சார்லஸ், காப்பிக் கடைகள் அனைத்தையும் மூடுக என்று ஆணை பிறப்பித்தான். அரசைப் பற்றிய அவதூறுகள் அங்கேதான் பிறக்கின்றன என்பது அவன் கண்ட குற்றம். மக்களின் எதிர்ப்பு எத்தகையதாக இருந்தது? ஆணை நடைமுறைக்கு வரவேண்டிய நாளுக்கு முன்பே, 1676 ஜனவரி 8-இல், அதனைத் திரும்பப் பெற நேர்ந்தது!

பிரஷ்யாவின் மன்னன் இரண்டாம் பிரடெரிக் 1777-இல் வேறொரு வழியில் வந்தான். காப்பிக்காகப் பொன் வெளிநாடு செல்கிறது. ஆகவே குடிமக்கள் பீர் குடிக்கட்டும் என்றான். 1781-இல் காப்பிக் கொட்டை வறுக்கும் உரிமையை அரசுக்கே உரியதாக்கினான். ஓய்வுபெற்ற படைவீரர்களை ஏவி, எந்த வீட்டில் வறுத்த வாசனை வருகிறது என்று தெருத் தெருவாக மோப்பம் பிடிக்க வைத்தான். படையெடுக்கப் பயின்றவன் மூக்கெடுத்து அலைந்தான்!

இந்த மூவரில் எவனும், காப்பி மனித நரம்பை என்ன செய்கிறது என்று அறிய முயலவில்லை. மெக்காவில் மருத்துவர் பேசியதுகூட அதிகாரத்தின் குரலாகத்தான் இருந்தது. ஆட்சிக்கு ஆபத்தா, கருவூலத்துக்கு இழப்பா என்பதே அவர்கள் கவலை.

நம் நாட்டிலும் காப்பியின் வரலாறு அதிகாரத்தின் வரலாறாகவே தொடங்கியது. குடிப்பது ஒரே காப்பி. ஆனால் உட்காரும் இடம் வேறு, குவளை வேறு என்று சாதி வகுத்த கொடுமையை நம் முன்னோர் கண்டார்கள். உணவகத்தின் பெயர்ப்பலகையிலே ‘பிராமணாள்’ என்று எழுதிவைத்த ஆணவத்தை எதிர்த்து, 1957-இல் தந்தை பெரியார் சென்னைத் திருவல்லிக்கேணியில் கிளர்ச்சி நடத்தினார். தொண்டர்கள் நாள்தோறும் அணியணியாகச் சிறை சென்றார்கள். பலகைமேல் கேள்வி தொடுத்த இயக்கம் அது. அந்தக் கேள்வியுணர்வையே இன்று கோப்பைக்குள்ளும் செலுத்த வேண்டும் என்கிறோம்.

கவிஞன் கொடுத்த கொட்டை

கோப்பைக்குள் இருப்பது என்ன என்ற கேள்விக்கு முதல் விடை 1819-இல் ஜெர்மனியில் கிடைத்தது. கிடைக்கச் செய்தவன் யெனா நகரில் வேதியியல் பயின்ற பிரீட்லிப் பெர்டினாண்ட் ரூங்கே என்னும் இளைஞன். நச்சுச் செடியொன்றின் சாறு பூனையின் கண்பாவையை எவ்வாறு விரியச் செய்கிறது என்பதை அவன் செய்துகாட்டினான். கண்டு வியந்தவர் பெருங்கவிஞர் கெதே. அவர் பாராட்டி அனுப்பியதோடு நிற்கவில்லை. அந்நாளில் அரிதாயிருந்த காப்பிக் கொட்டைகளைக் கையில் கொடுத்து, இதையும் ஆராய்ந்து பார் என்றார். சில திங்களில் ரூங்கே, கொட்டையினின்று வெண்ணிறப் படிகமொன்றைப் பிரித்தெடுத்தான். அதுவே காஃபீன்.

1827-இல் தேயிலையில் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு வேறு பெயர் சூட்டினார்கள். 1838-இல் ஆராய்ந்தபோது இரண்டும் ஒன்றே என்று தெளிந்தது. காப்பி வெறியர், தேநீர் வெறியர் என்று இரு கட்சியாக நின்றவர்கள் ஒரே பொருளின் அடிமைகள் என்பது அன்றுதான் புலனாயிற்று! 1895-இல் எமில் பிஷர் அப்பொருளைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார்.

பொருள் தெரிந்தது. அது செய்யும் வேலை தெரிந்ததா? இல்லை. அந்த இடைவெளியிலே வணிகம் நுழைந்தது. 1895-இல் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில் சி. டபிள்யூ. போஸ்ட் என்பவர், வறுத்த கோதுமையும் வெல்லப்பாகும் கலந்த போஸ்டம் என்னும் பானத்தை விற்க முன்வந்தார். தம் சரக்கு விற்க வேண்டுமானால் காப்பி மீது அச்சம் பிறக்க வேண்டும் அல்லவா? ‘காப்பி நரம்பு’ என்றொரு நோய்க்குப் பெயரிட்டு, நாட்டிலுள்ள துன்பங்களையெல்லாம் காப்பியின் தலையில் கட்டி விளம்பரம் செய்தார். அதிலே ஓரளவு உண்மையும் இருந்தது. பொய் அதைவிட மிகுதியாக இருந்தது. அளவு கூறாமல் அச்சம் விற்றால், உண்மையும் பொய்யும் ஒரே பொட்டலத்தில் போய்ச் சேரும்.

அளந்து பார்த்தது நீதிமன்றத்துக்காக! 1909-இல் அமெரிக்க அரசு கோகோ கோலா பாகு நிறைந்த 40 பீப்பாய்களையும் 20 சிறு பீப்பாய்களையும் பறிமுதல் செய்தது. சேர்த்திருக்கும் காஃபீன் உடலுக்குக் கேடு என்று வழக்கிட்டது. 1911-இல் சட்டனூகா நகரில் விசாரணை. நிறுவனம், ஹாரி ஹாலிங்வொர்த் என்ற உளவியல் அறிஞரை ஆய்வு செய்ய அமர்த்தியது. முடிவு எதுவாயினும் வெளியிடுவேன், என் ஆய்வை விளம்பரமாக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு அவர் ஒப்பினார். அவருடைய மனைவி லீட்டா அந்த ஆய்வை முன்னின்று நடத்தினார். 16 பேர், 40 நாட்கள். சில நாட்கள் காஃபீன் குளிகை, சில நாட்கள் வெற்றுக் குளிகை. எது எந்த நாளில் என்பது விழுங்குபவருக்கும் தெரியாது; அளப்பவருக்கும் தெரியாது.

கண்டது என்ன? சிறிதளவு உட்கொண்டால் கைவேகம் கூடுகிறது. அளவு மிகுந்தால் கை நடுங்குகிறது, உறக்கம் கெடுகிறது. நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்திலே, ‘எவ்வளவு?’ என்ற கேள்வி முதன்முதலாக எழுந்து நின்றது.

ஏற்க மறுத்த பெண்

எவ்வளவு என்ற கேள்வி எழுந்தது. யாருக்கு என்ற கேள்வி எழ இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1974-ஆம் ஆண்டு, அமெரிக்கப் படையின் வால்டர் ரீட் மருத்துவமனையில் பணிபுரிந்த மனநோய் மருத்துவர் ஜான் கிரீடன், மருத்துவ இதழொன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இது பதற்ற நோயா, காஃபீன் செய்த வேலையா என்பதே அதன் வினா. அதிலே அவர் விவரித்த நோயாளிகளில் ஒருவர் 27 வயதுச் செவிலியர். பெயர் கூறப்படவில்லை, பெயரில்லாமலே அவர் வரலாற்றில் நிற்கிறார்.

அவருக்குத் தலை சுற்றியது, உடல் நடுங்கியது, மூச்சு திணறியது, நெஞ்சின் துடிப்பு ஒழுங்கு தவறியது. மருத்துவர் ஆராய்ந்தார்; பதற்ற நோய் என்றார். காரணமும் கூறினார்: கணவர் படையில் இருக்கிறார், வியட்நாம் போர்முனைக்கு மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம். எவ்வளவு பொருத்தமான விளக்கம்! பெண், கணவன், போர், அச்சம். கேட்டவர் எவரும் தலையசைப்பார்கள்.

அவர் தலையசைக்கவில்லை. படித்த மருத்துவர் சொன்னார் என்பதற்காக ஏற்கவில்லை. தம் வாழ்விலே அண்மையில் மாறியது என்ன என்று தாமே தேடினார். உண்ணும் உணவை ஆராய்ந்தார். கடைசியில் கண்டார்: புதிதாக வாங்கிய காப்பி வடிக்கும் கருவி! அதிலே இறங்கும் காப்பி சுவையாயிருந்ததால், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கோப்பை, அதுவும் கடுங்காப்பி, அருந்திவந்திருக்கிறார். காஃபீன் கணக்கில் அது 1,000 மில்லிகிராமைத் தாண்டும்.

நிறுத்தினார். 36 மணி நேரத்தில் தொல்லைகள் ஏறத்தாழ முழுவதும் நீங்கின. மீண்டும் அருந்திப் பார்த்தபோது அதே தொல்லைகள் மீண்டும் வந்தன.

இதைவிடத் தெளிவான பகுத்தறிவுப் பாடம் எந்தப் பள்ளியில் கிடைக்கும்? ஐயுற்றார், தேடினார், விலக்கினார், மீண்டும் சேர்த்துச் சோதித்தார், பிறகே முடிவுக்கு வந்தார். உடுக்கை ஒலிக்கவில்லை; எலுமிச்சை உருளவில்லை. ஒரு பெண் தன் அறிவை நம்பினாள்.

கிரீடன் கூறிய மற்றொருவர் படை அதிகாரி. நெடுங்காலம் பதற்றத்தால் வாடியவர். அவரோ காரணம் காப்பி என்று கேட்டபோது நம்பவே மறுத்தார். பதவி உயர்ந்தவருக்குப் பழக்கத்தின் மீது ஐயம் பிறக்கவில்லை. குறைத்துப் பார்த்த பின்னரே நலம் கண்டார்.

அதன் பின் மருத்துவ உலகம் விழித்தது. 1980-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியல் நூலின் மூன்றாம் பதிப்பில் காஃபீன் மிகையால் வரும் நிலை இடம்பெற்றது. 1994-இல் வந்த நான்காம் பதிப்பில், காஃபீன் தூண்டும் பதற்ற நோய் என்பதற்குத் தனி இடமே தரப்பட்டது.

பூட்டும் போலிச் சாவியும்

காஃபீன் எப்படி இதைச் செய்கிறது? விழித்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் நம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. ‘போதும், ஓய்வு கொள்’ என்று நரம்புகளுக்கு உணர்த்துவது அதன் பணி. நரம்பணுவிலே அதற்கென ஏற்பிகள் உண்டு. அடினோசின் சாவி என்றால் ஏற்பி பூட்டு. காஃபீன் அச்சாவியைப் போன்றே உருவங்கொண்ட போலிச் சாவி. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திருப்பாது. உண்மைச் சாவியையும் நுழைய விடாது. காஃபீனின் கிளர்ச்சிக்கு இதுவே காரணம் என்பதை 1981-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாலமன் ஸ்னைடர் குழுவினர் தெளிவாக்கினர்.

ஓய்வின் குரல் அடங்குகிறது. கிளர்ச்சியின் குரல் ஓங்குகிறது. நெஞ்சு சற்று விரைகிறது, மூச்சு மாறுகிறது, விரல் நடுங்குகிறது. பதற்ற நோய் இல்லாதவர் இதைச் சுறுசுறுப்பு என்று கொள்வார். அந்நோய் உள்ளவருக்கோ, நெஞ்சு விரைவதே அபாய மணி! மணி கேட்டதும் அச்சம். அச்சம் வந்ததும் நெஞ்சு மேலும் விரைகிறது. விரைவைக் கண்டு மேலும் அச்சம். உடலும் உள்ளமும் ஒன்றையொன்று துரத்தும் செக்கு இது.

ஊகம் அல்ல இது. 1985-இல் யேல் பல்கலைக்கழக அறிஞர்கள், திடீர்ப் பீதி நோய் உடைய 21 பேருக்கும் நலமுள்ள 17 பேருக்கும், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் காஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள். நோயுடையவர்களிடம் அச்சமும் படபடப்பும் நடுக்கமும் மிகுதியாக எழுந்தன. அவர்களுள் 71 விழுக்காட்டினர், தமக்கு வழக்கமாக வரும் பீதியைப் போன்றே இது இருந்தது என்றனர். 2022-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 400 முதல் 750 மில்லிகிராம் வரை ஒரே வேளையில் கொடுக்கப்பட்ட 237 நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பீதி எழுந்தது. வெற்றுக் குளிகை பெற்றபோது ஒருவருக்கும் எழவில்லை. நலமுள்ளவர்களில் பீதி கொண்டோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவே.

மற்றுமொன்று. 2003-இல் சிகாகோ அறிஞர்கள், அந்தப் பூட்டை உருவாக்கும் மரபணு ஆளுக்கு ஆள் சற்று வேறுபடுவதையும், ஒருவகை உடையோருக்கு 150 மில்லிகிராமிலேயே பதற்றம் கூடுவதையும் கண்டார்கள். ஆகவே, ‘நான் ஆறு கோப்பை குடிக்கிறேன், அசையவில்லை, நீ இரண்டுக்கு நடுங்குகிறாயே’ என்று நகைப்பவன் தன் வீரத்தைக் காட்டவில்லை, தன் அறியாமையைக் காட்டுகிறான். நடுங்குபவன் கோழையல்லன். அவன் உடலின் அமைப்பு வேறு.

செய்யத் தக்கது

அப்படியானால் காப்பியைத் தடை செய்வோமா? கைர் பெக்கின் வாரிசாவோமா? வேண்டாம். பேயை விரட்டிவிட்டு அந்தப் பீடத்திலே காப்பியை உட்கார வைப்பது பகுத்தறிவாகாது. நலமுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பொதுவாகத் தீங்கில்லை என்று 2015-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு கணித்தது. கருவுற்ற பெண்களுக்கு 200. ஆனால் இது நலமுள்ளோருக்கான வரம்பு. பதற்றத்தோடு வாழ்வோருக்குத் தம் வரம்பு இன்னும் கீழே இருக்கக்கூடும்.

மேலும், பதற்ற நோய்கள் அனைத்துக்கும் காரணம் காப்பி என்று நாம் கூறவில்லை. வேலையின்மை, கடன், வன்முறை, இழப்பு, பரம்பரை என்று காரணங்கள் பல. ஒருபோதும் காப்பி தொடாதவரும் அந்நோயால் வாடுகின்றனர். எரியும் வீட்டிலே காற்று வீசினால் தீ பரவும். காற்றே தீயை மூட்டியது என்று முடிவு கட்டுவது தவறு, சாளரத்தைத் திறந்தே வைப்பதும் தவறு.

ஆகவே பதற்றத்தால் வாடும் தோழர் முதலில் செய்யத் தக்கது கணக்கெடுப்பு. இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும்: எப்போது, என்ன, எத்தனை, பதற்றம் எப்போது, எவ்வளவு. காப்பி மட்டுமன்று, தேநீர், கோலா, இன்று இளைஞர் கையில் புழங்கும் ஊக்கப் பானம், சில தலைவலி மாத்திரைகள் ஆகியவற்றிலும் காஃபீன் உண்டு. 240 மில்லி காப்பியில் ஏறத்தாழ 95 மில்லிகிராம்; அதே அளவு தேநீரில் அதில் பாதி; 250 மில்லி ஊக்கப் பானத்தில் 80 என்பது பொதுவான கணக்கு. நம் பில்டர் காப்பியில் டிகாஷனின் திண்மையைப் பொறுத்து இது ஏறும், இறங்கும். சிக்கரியில் காஃபீன் கிடையாது.

அடுத்து, படிப்படியாகக் குறைக்கட்டும். ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலியும் சோர்வும் எரிச்சலும் வரும். அதைக் கண்டு, காப்பியில்லாததால்தான் நோய் என்று எண்ணி மீண்டும் மொண்டு குடிப்போர் உண்டு. மாலைக் கோப்பையை முதலில் கைவிடுவது நன்று. உட்கொண்ட காஃபீனில் பாதி நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காப்பியின் பாதி, இரவு பதினொன்றுக்கும் விழித்திருக்கும். உறக்கம் கெட்டால் மறுநாள் பதற்றம் கூடும். பதற்றத்தின் சோர்வைப் போக்க மேலும் காப்பி! மருந்து உண்போர், அதைத் தாமே நிறுத்தாமல், தம் காப்பிக் கணக்கை மருத்துவரிடம் கூறட்டும். புளூவாக்ஸமீன் போன்ற மருந்து, காஃபீன் உடலைவிட்டு நீங்குவதையே வெகுவாகத் தாமதப்படுத்தும். குறைத்த பின்னும் பதற்றம் நீங்காவிடில், மனநல மருத்துவரை நாடுவதில் வெட்கமில்லை.

இவ்வளவும் ஒரு கோப்பைக்காகவா என்று கேட்கலாம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் இயங்கிய கொட்டகையில் தீப்பற்றியது. மருத்துவத்துக்குப் பதில் சங்கிலி பூட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 உயிர்கள் மாய்ந்தன. அவர்களின் நோய் வேறு, அதன் கடுமை வேறு. ஆனால் உள்ளத்தின் துன்பத்துக்குக் காரணம் தேடாமல் தீர்ப்பு வழங்கும் சமுதாயம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்தச் சாம்பல் சான்று.

இளைஞனே! உன் தெருவிலே ஒருத்தி காரணமின்றி நடுங்குகிறாள் என்று கேட்டால், உடுக்கை அவள் வீட்டு வாயிலை அடையுமுன் நீ சென்று சேர். கோள் எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்பவர்கள் ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். எப்படி உறங்கினாய், என்ன உண்டாய், எத்தனை கோப்பை குடித்தாய், மருத்துவரிடம் செல்ல நான் துணை வரட்டுமா என்று கேட்பவனாக நீ இரு.